அந்தக் கறுப்பு ஷூவைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய தனியார் பள்ளிகள் இயக்குநர் அவர்களுக்கு,

தனியார் பள்ளிகளில் மூடிய ஷூவும் சாக்ஸும் கட்டாயம் என்றிருப்பதைத் தளர்த்தி, வார் வைத்த சாண்டலையும் சீருடையாக ஏற்கும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். என் மகளின் பாதத்தில் வந்த ஒரு நோய்தான் என்னை எழுத வைத்தது. ஆனால் தோல் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, அதே மாதிரிக் கால்களோடு வேறு பள்ளிச் சீருடைகளிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய இரண்டு கால்களிலும் பெருவிரலின் அடிப்பக்கமும், விரல்களுக்குக் கீழே ஊன்றி நடக்கும் இடமும் சிவந்தன. தோல் ரேகை அழிந்து வழவழவென்று மின்னியது. பிறகு அந்த மினுமினுப்பில் வெடிப்பு விழுந்தது. மெல்லிய கோடுதான், ஆனால் பாதம் மடங்கும் இடத்திலேயே இருப்பதால் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் விரிந்துகொள்ளும். குதிகாலால் நடக்கப் பழகிக்கொண்டாள். தெருப் பிள்ளைகள் பாண்டி ஆடக் கூப்பிட்டால் போவதில்லை. குளிக்கத் தண்ணீர் ஊற்றினால் எரிகிறது என்று காலைத் தூக்கிக்கொள்வாள்.

பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். என் மாமியார் உடம்புச் சூடு என்று மருதாணி அரைத்துப் பூசினார். பக்கத்து வீட்டு அக்கா பித்தவெடிப்பு என்றார். அது குதிகாலில் வருவது, இவள் குதிகாலில் ஒரு கீறல்கூட இல்லை. மருந்துக் கடையில் சேற்றுப்புண் என்று சொல்லி ஒரு களிம்பை நீட்டினார்கள். சேற்றுப்புண் விரல் இடுக்கில் வரும். இவளுக்கோ இடுக்குகள் சுத்தமாக இருந்தன, பாதத்தின் நடுக்குழிவும் சுத்தமாக இருந்தது. ஷூவுக்குள் எந்த இடம் அழுந்தி உரசுகிறதோ அந்த இடம் மட்டும்தான் புண்.

அந்தக் களிம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. 2018-இல் ஒன்றிய அரசு தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. இருந்தும் குழந்தையின் காலைக் காட்டினாலே கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே மெலிந்து வெடித்திருக்கும் தோலை மாதக்கணக்கில் பூசும் ஸ்டீராய்டு இன்னும் மெலிய வைக்கும். அது வேறு துறையின் வேலை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகளின் காலைக் கெடுக்கும் காரணம் பள்ளியில் இருக்கும்வரை பெற்றோர் அந்தக் களிம்பைத் தேடிப் போய்க்கொண்டேதான் இருப்பார்கள்.

தோல் மருத்துவர் தோலைக் கொஞ்சம் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். பூஞ்சை இல்லை. பிறகு சாக்ஸைக் கையில் வாங்கிப் பிழியாத குறையாகத் தொட்டுப் பார்த்தார். இதற்கு ஜுவனைல் பிளான்டார் டெர்மடோசிஸ் என்று பெயர், பள்ளி போகும் வயதில் வருவது, வளர்ந்து பதின்பருவம் வந்தால் பெரும்பாலும் தானே போய்விடும் என்றார். ஆஸ்துமாவோ கரப்பானோ உள்ள குடும்பத்துப் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுமாம். எனக்கு ஆஸ்துமா உண்டு. 1976-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ரோனா மெக்கீ, ஹுசைன் என்ற இரு மருத்துவர்கள் இந்தப் பெயரில் இதை விவரித்து எழுதினார்கள். ஸ்வீடனில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே குழந்தைகளின் குளிர்காலப் பாதநோய் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே குளிருக்காக நாள் முழுக்க மூடிய காலணிக்குள் கால் கிடந்தது. இங்கே சீருடைக்காகக் கிடக்கிறது.

நோய் வரும் விதம் எளிமையானது. உடம்பிலேயே வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. ஆனால் எண்ணெய்ச் சுரப்பி அங்கே கிடையாது. காற்றுப் புகாத ஷூவுக்குள் வியர்வையில் ஊறி ஊறித் தோல் உப்புகிறது. ஊறிய தோல் ஷூவின் அடியில் உரசித் தேய்கிறது. மாலையில் சாக்ஸைக் கழற்றியதும் சடாரென்று காய்கிறது. ஈரத்தைப் பிடித்துவைக்க எண்ணெய்ப் பசை இல்லாததால் காயும்போதே சுருங்கி வெடிக்கிறது. மறுநாள் காலை அதே ஷூ, பல வீடுகளில் உள்ளே இன்னும் காயாத அதே ஷூ.

நான் ஆம்பூர்க்காரி. திருமணத்துக்கு முன்னும் பின்னும் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்தவள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கும் ஷூக்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. மேல்பாகமும் உள் லைனிங்கும் தோலாக இருந்தால் ஷூ வியர்வையை வாங்கி மெல்ல வெளியே விடும். நம் பிள்ளைகள் போடும் பள்ளி ஷூவை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மேலே ரெக்சின், உள்ளே ஃபோம் ஒட்டிய துணி, கீழே வார்த்த பி.வி.சி. சோல். ஈரம் போக வழியே இல்லை, அதற்குள் நைலான் கலந்த சாக்ஸ் வேறு. தோல் ஷூவைக் கட்டாயமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அதன் விலை எங்களுக்குத் தாங்காது. தோல் பதனிடும் குரோமியமும், ஒட்டும் பசையும், ரப்பரில் சேர்க்கும் ரசாயனமும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்குப் புறங்காலில் அரித்துக் கொப்புளம் வரும். திறந்த சாண்டல் போட்டால் மகளின் காலுக்கு முதலில் வேண்டிய காற்று கிடைத்துவிடும், அதற்கு விலையும் குறைவு.

வைத்தியமும் அதைத்தான் சொன்னது. ஷூவைக் குறையுங்கள், பருத்திச் சாக்ஸ் போடுங்கள், ஈரமானால் உடனே மாற்றுங்கள், ஷூவைக் கழற்றிய கையோடு, கால் காய்வதற்குள் வாஸ்லின் பூசுங்கள் என்றார் மருத்துவர். கோடை விடுமுறையில் அப்படியே செய்தோம். மகள் செருப்போடு திரிந்தாள். வெடிப்பு மூடியது, ரேகை திரும்பியது. ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டாவது வாரத்தில் பெருவிரல் மறுபடி சிவந்தது. வேன் ஏறுவதிலிருந்து மாலை வீடு வருவதுவரை ஷூ. எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. வேலூர் வட்டாரத்தில் பள்ளி நாட்களிலேயே 38, 39 டிகிரி தொடும்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு அவளைச் சாண்டலில் அனுப்பினேன். காலைப் பிரார்த்தனை வரிசையிலிருந்து அவளைத் தனியே நிறுத்தினார்கள். ஒருத்திக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள், ஒழுங்கு போய்விடும் என்றார்கள். வகுப்பாசிரியை நல்லவர், பெஞ்சுக்கடியில் ஷூவைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சொன்னார். மேற்பார்வைக்கு ஆள் வரும்போதெல்லாம் குழந்தை அவசர அவசரமாகப் புண்காலை ஷூவுக்குள் திணிக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை தன் நோயை மறைத்து வைக்கக் கற்றுக்கொள்கிறாள் ஐயா. எனக்கு இதுதான் தாங்கவில்லை.

பள்ளிகள் சொல்லும் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. கால் மூடியிருந்தால் முள் குத்தாது, கொக்கிப்புழு ஏறாது என்கிறார்கள். வெறுங்காலுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம், நல்ல சாண்டலே அதைப் பெருமளவு குறைக்கும். ஆய்வகத்துக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் ஷூ வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அந்த நேரத்துக்கு மட்டும் போடலாம். ஏழை பணக்காரர் வித்தியாசம் தெரியக் கூடாது என்பது உயர்ந்த எண்ணம். எல்லாருக்கும் ஒரே நிறச் சாண்டல் என்றால் அந்த எண்ணம் இன்னும் மலிவாகவே நிறைவேறும். எஞ்சியிருப்பது பார்வைக்கு மிடுக்கு என்ற ஒன்றுதான்.

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் ஷூ போட்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள், செருப்போ சாண்டலோ போட்டுத்தான் வர வேண்டும். நாட்டின் மிகக் கண்டிப்பான தேர்வறையில் செருப்புக் கால்களால் ஒழுங்கு கெடவில்லை. கோடைக்காலத்தில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற நீதிமன்றங்களில் வழக்கறிஞர்களுக்குக் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. பெரியவர்கள் தங்களுக்கு வெயிலைக் காரணம் காட்டி விலக்கு எழுதிக்கொண்டார்கள். குழந்தைகளால் தங்களுக்கு எழுதிக்கொள்ள முடியாது.

மருத்துவர் கடிதம் இருந்தால் விலக்கு என்று மட்டும் உத்தரவிட்டால் போதாது. தோல் மருத்துவரிடம் போக வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை அதற்குள் வராது. விலக்கு பெற்ற ஒரு பிள்ளை வரிசையில் தனித்தும் தெரியும். சாண்டலை எல்லாருக்கும் பொதுவாக அனுமதியுங்கள். ஷூ போட விரும்புகிறவர்கள் போடட்டும். பிள்ளைகள் வகுப்புக்குள் காலணியைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்பதையும், காலணிக்காக யாரையும் தண்டிக்கவோ தனியே நிறுத்தவோ கூடாது என்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுதுங்கள்.

பள்ளிகள் சீருடைப் பட்டியலை ஏப்ரல் கடைசியில் கையில் கொடுத்துவிடுகின்றன. மே மாதத்துக்குள் ஷூவை வாங்கிவிடுவோம், அதன் பிறகு வரும் சுற்றறிக்கையால் அந்த ஆண்டுக்குப் பயனில்லை. அதனால் ஏப்ரலுக்கு முன் அது பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆம்பூரிலிருந்து ஒரு மாணவியின் தாய்