பழி தாய்க்கு மட்டுமா?

கடலூர், சிதம்பரம் பக்கங்களில் அத்தை மகன், மாமன் மகள் மணம் புதிதன்று. குழந்தை நோயுற்றால் பழி மட்டும் தாயின் தலையில்! மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வருவது என விலங்கியல் வகுப்பில் படித்த நாமும் அதற்குத் துணைபோகலாமா?

அதனுள் இருப்பவை 37 மரபணுக்களே. அதற்கு வேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் 13 தவிர ஏனையவற்றின் மரபணுக்கள் உட்கருவில் உள்ளன. அவை தந்தையிடமிருந்தும் வருவன அன்றோ? அங்கு ஒரே ஒடுங்கு குறை பெற்றோர் இருவரிடமும் மறைந்திருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் 25 சதவீத வாய்ப்பு. உறவு மணத்தில் அவ்வாறு சேர்வதற்கு இடம் அதிகம்.

தாய்வழிக் குறைக்கு மற்றொரு பெண்ணின் கருமுட்டையைத் துணைகொள்ளப் பிரிட்டன் 2015-இல் சட்டம் செய்தது. அவ்வாறு பிறந்த எட்டுக் குழந்தைகளை நியூகாசில் மருத்துவர்கள் 2025-இல் அறிவித்தனர். நமக்கு அது எட்டாக்கனி. குடும்பத்தில் இந்நோய் கண்டவர்கள் ஜாதகத்தோடு நில்லாமல், மணத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறட்டும். முதலில் மாப்பிள்ளை வீட்டார் தம் பிள்ளையின் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடுக்கட்டும்.