கொலைகாரன் சுவரேறி வரமாட்டான்

“ரெண்டு காலும் முறிஞ்சி கெடக்கா, அப்பவும் எப்படிச் சமாளிக்கிறா பாருங்க!” ‘கேம் ஓவர்’ படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஜொகூர் பாருவில் என் காதில் விழும் வசனம் இதுதான். அஷ்வின் சரவணன் இயக்கத்தில் டாப்சி நடித்து 2019இல் வந்த படம். வீட்டுக்குள் சக்கர நாற்காலியில் ஸ்வப்னா, வெளியே முகமூடி போட்ட கொலைகாரர்கள். கடைசியில் அவள் ஜெயிக்கிறாள். இத்தகைய படங்கள் உடற்பேறு குறைந்தோருக்குப் பெருமை சேர்க்கின்றன, தன்னம்பிக்கை ஊட்டுகின்றன என்று நம்மில் பலரும் மனதார நம்புகிறோம். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

இந்த வகைக்குப் பாட்டி, 1967இல் வந்த ‘வெயிட் அன்டில் டார்க்’. பார்வையற்ற பெண்ணாக ஆட்ரி ஹெப்பர்ன். வில்லன் வருமுன் வீட்டிலுள்ள பல்புகளை ஒவ்வொன்றாக உடைப்பாள். இருட்டில் இருவரும் சமம் என்பது கணக்கு. குளிர்சாதனப் பெட்டிக்குள் எரியும் விளக்கை மட்டும் மறந்துவிடுவாள். அவன் அதைத் திறப்பான். அபாரமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேரக் கதாசிரியர் படும் பாட்டைப் பாருங்கள். கணவனைப் பொய்ச் சாக்கில் வெளியூர் அனுப்ப வேண்டும், தொலைபேசிக் கம்பியை அறுக்க வேண்டும். 2016இல் வந்த ‘ஹஷ்’ படத்துக் காதுகேளாத எழுத்தாளரைக் காட்டு வீட்டில் தனியே குடிவைத்து, மின்சாரத்தையும் துண்டிக்கிறார்கள். ஒருவரைச் சுற்றியுள்ள மனிதர்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, “பார், தனியாக நின்று ஜெயித்தாள்” என்று கைதட்டச் சொன்னால் எப்படி? அதே ஆண்டு வந்த ‘டோன்ட் பிரீத்’ இன்னொரு கோடிக்குப் போய், திருட வந்தவர்களைவிடப் பயங்கரமானவராகப் பார்வையற்ற வீட்டுக்காரரைக் காட்டியது. அதிசயப் பிறவி அல்லது அரக்கன். நடுவில் சாதாரண மனிதருக்கு இடம் கிடையாது.

கண் போனால் காது கூர்மையாகும் என்று தாய்மார்கள் ஆறுதல் சொல்வது வேறு. அதையே திரைக்கதையாக்கும்போது ‘நெற்றிக்கண்’ணில் நயன்தாரா மோப்பத்தாலும் செவியாலும் துப்பறிகிறார், ‘தாண்டவ’த்தில் விக்ரம் நாக்கைச் சொடுக்கியே எதிரியை அடிக்கிறார். நாக்குச் சொடுக்கின் எதிரொலியை வைத்து வழி அறிவது உண்மையில் உள்ள கலைதான். அதை உலகுக்கு எடுத்துக்காட்டிய டேனியல் கிஷ் சிறு வயதிலிருந்தே பழகி வந்தவர். மற்றவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறார். சினிமா அந்தப் பழக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு வரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. நம் ஜொகூர் பாருவிலேயே 1940களின் கடைசியிலிருந்து பார்வையற்ற பிள்ளைகளுக்கான பிரின்சஸ் எலிசபெத் பள்ளி இருக்கிறது. வரம் தானாக வந்துவிடும் என்றால் பிரெய்லுக்கும் வெள்ளைக்கோலுக்கும் ஆசிரியர் எதற்கு?

இனி உண்மையான ஆபத்துக்கு வருவோம். 2012இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்புகளின்படி, உடல்குறை உள்ள பெரியவர்கள் வன்முறைக்கு ஆளாவது மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு. பிள்ளைகளிடையே அது மூன்றரை மடங்குக்கும் மேல். அடிப்பவன் முகமூடி மாட்டிக்கொண்டு சுவரேறி வரவேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. அவனிடம் வீட்டுச் சாவி இருக்கும், பல சமயம் வங்கி அட்டையும் இருக்கும்.

சாவி என்றதும் நம் தாமான் வீடுகள் நினைவுக்கு வருகின்றன. மாசாயிலோ ஸ்கூடாயிலோ ஒரு வரிசை வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன் கேட், இரும்புக் கிரில், அதில் கைமுட்டி அளவுப் பூட்டு, சன்னலுக்கெல்லாம் கம்பி. மகனும் மருமகளும் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவோ, மனவளர்ச்சி குன்றிய தம்பியோ உள்ளே. “திருடன் வந்தா அவரால என்ன செய்ய முடியும்?” என்று வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மின்கம்பியில் ஒரு பொறி விழுந்தால் அந்தப் பூட்டுத்தான் கொலைகாரன். கிரில் சாவியை எட்டும் தூரத்தில் மாட்டி வையுங்கள் என்று தீயணைப்புத் துறையான பொம்பாவின் அதிகாரிகள் தீ விபத்துக்குத் தீ விபத்து சொல்லி வருகிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எட்டும் தூரம் எது என்று எத்தனை வீட்டில் அளந்து பார்த்தோம்? வாசலில் இரண்டு படி, குளியலறைக்கு ஒரு படி, சக்கரம் நுழையாத கதவு. திருடனே வராவிட்டாலும் அந்த வீடு அவரை ஒவ்வொரு நாளும் மடக்கிப் போடுகிறது.

அந்நியனைக் கண்டு நடுங்கக் கற்றுக்கொடுக்கும் படங்கள் இந்தப் பூட்டை இன்னும் இறுக்குகின்றன என்பதே என் குற்றச்சாட்டு. வீரம் தனி ஆளின் பொறுப்பு என்று ஆகிவிட்டால் அரசாங்கத்துக்கும் சௌகரியம். 2008இல் மலேசியாவில் உடற்பேறு குறைந்தோர் சட்டம், அதாவது சட்டம் 685, நிறைவேறியது. உரிமைகளை அழகாக அடுக்கும் அந்தச் சட்டத்தில், மீறினால் இன்ன தண்டனை என்று ஒரு வரி இல்லை. 41ஆம் பிரிவு அரசாங்கத்தின்மீது வழக்குப் போடவும் வழி விடவில்லை. நயன்தாரா படத்தில் வழிகாட்டி நாயான கண்மணியைப் பார்த்துக் கண்கலங்கினோமே, அதே மாதிரி நாயோடு பேரங்காடிக்குள் நுழைய முயன்ற பார்வையற்றவரை கோலாலம்பூரில் வாசலிலேயே நிறுத்திய சம்பவமும் நடந்ததுதான்.

“அட, படந்தானே! பொழுதுபோக்குக்குப் பார்க்கிறோம்” என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பொழுதுபோக்கு என்றே சொல்லுங்கள், நானும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயப்படுகிறேன். தன்னம்பிக்கைப் பாடம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்யும்போதுதான் கோபம் வருகிறது. அதிலும் ஸ்வப்னாவின் கால்கள் மாவுக்கட்டுப் பிரித்தால் சரியாகிவிடும் கால்கள்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லவேண்டும். ‘கேம் ஓவர்’ தன் நாயகியை முழுக்கத் தனியாக விடவில்லை. வினோதினி நடித்த கலாம்மா கூடவே இருக்கிறார்: சோறு போடுகிறார், நாற்காலியைத் தள்ளுகிறார், கொலைகாரன் வரும்போது ஓடிப்போகாமல் நிற்கிறார். படத்திலேயே நம்பத்தகுந்த விஷயம் அந்த அம்மாதான். பாராட்டுகளில் அவர் பெயர் அடிபட்டு நான் கேட்டதில்லை. நம் ஊரில் அந்த வேலையை அம்மாவோ அக்காவோ சம்பளமில்லாமல் பார்க்கிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பராமரிப்போருக்கு சமூகநல இலாகா மாத உதவி தருகிறது. அப்படிக் கிடக்காதவருக்கு அது பொருந்தாது. ஸ்வப்னா மாசாயில் குடியிருந்தால், கலாம்மாவுக்கு அந்தக் கணக்கில் ஒரு சென்கூடக் கிடைத்திருக்காது.