கழல மறுக்கும் முன் ஸ்ப்ராக்கெட்: சுத்தியலை எடுப்பதற்கு முன்…

கேள்வி: 100 சிசி மோட்டார் சைக்கிளில் செயின் செட் மாற்ற வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எப்படிக் கழற்றுவது? கேஸ் நெருப்பில் சூடு காட்டலாமா? கழலவே இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிட்டு, செயினையும் பின் ஸ்ப்ராக்கெட்டையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?
– முல்லை சாகுபடி செய்யும் வாசகர், வேதாரண்யம் வட்டம்

பதில்:
இந்த வாசகர் தினமும் முல்லை மொட்டைப் பறித்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வியாபாரியிடம் சேர்ப்பவர். மொட்டு விரிந்துவிட்டால் விலை இல்லை. மூன்று நாளாகத் தம்பியின் வண்டியை இரவல் வாங்கிப் பூவை அனுப்புகிறார். போல்ட்டைக் கழற்றியாயிற்று, திருப்புளியால் நெம்பியும் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் பெரிய சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தபோது, ‘அடித்தால் இன்ஜினுக்கு ஏதாவது ஆகுமோ’ என்று சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கிறார். அந்தச் சந்தேகம்தான் அவருடைய இன்ஜினைக் காப்பாற்றியது. அவருக்குத் தபாலில் பதில் அனுப்பப்பட்டுவிட்டது. உரமூட்டையும் பால்கேனும் ஏற்றி வண்டி ஓட்டும் எல்லோருக்கும் வரக்கூடிய சிக்கல் என்பதால் இங்கே விரிவாக.

ஏன் அடிக்கக் கூடாது?
முன் ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்திருப்பது கியர் பெட்டியிலிருந்து வெளியே நீளும் ஷாஃப்ட்டின் மேல். அந்த ஷாஃப்ட்டை உள்ளே பேரிங் தாங்குகிறது. ஸ்ப்ராக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் சீல் இருக்கிறது. ஷாஃப்ட்டின் முனையில் சுத்தியல் விழுந்தால் முனை மழுங்கி விரியும். பிறகு ஸ்ப்ராக்கெட் அதைத் தாண்டி வெளியே வரவே வராது. அடி உள்ளே இறங்கினால் பேரிங்கும் கெடும். ஷாஃப்ட்டையோ பேரிங்கையோ மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டும். ஒரு செயின் செட் செலவோடு முடிய வேண்டிய வேலை, அதைப்போலப் பல மடங்கு இழுத்துவிடும். வண்டியும் பல நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்.

ஏன் பிடித்துக்கொள்கிறது?
மூன்று காரணங்கள். முதலாவது, பலரும் கவனிக்காதது. பல 100 சிசி வண்டிகளில் ஸ்ப்ராக்கெட்டின் மேல் ஒரு சின்ன இரும்புத் தட்டும், 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் இரண்டு போல்ட்டும் இருக்கும். அந்தத் தட்டின் உள்பற்கள் ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள ஒரு பள்ளத்தில் மாட்டியிருக்கும். போல்ட்டைக் கழற்றினால் மட்டும் போதாது. தட்டைச் சற்றுத் திருப்பி, அதன் பற்கள் ஷாஃப்ட்டின் நீளவாட்டுப் பள்ளங்களுக்கு நேராக வரும்படி வைத்தால்தான் வெளியே வரும். திருப்பாமல் இழுத்தால் எத்தனை பேர் இழுத்தாலும் வராது.

இரண்டாவது, செயின் இறுக்கம். செயின் விறைப்பாக இருந்தால் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, துரு. இதில் விவசாயிகளின் வண்டிக்குத் தனிக் கஷ்டம் உண்டு. நாம் பொட்டாஷ் என்று வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்புதான். மூட்டையிலிருந்து சிந்தும் தூள் செயின் மூடிக்குள் விழுந்து, சேற்றோடும் கிரீஸோடும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். குளோரைடு இரும்பில் துருவை விரைவாக்கும். யூரியாவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கக்கூடியதுதான். வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதியில் உப்புக்காற்று வேறு. உப்புநீர் போரில் வண்டியைக் கழுவினால் கேட்கவே வேண்டாம்.

கழற்றும் முறை
1. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, சமதளத்தில் நடு ஸ்டாண்டு போடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சக்கரத்தை யாராவது விளையாட்டாகச் சுற்றினால், செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் மாட்டிய விரல் திரும்பக் கிடைக்காது.

2. கியர் லீவர் இருக்கும் நிலையை ஷாஃப்ட்டில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் போல்ட்டை முழுவதும் வெளியே எடுத்த பிறகே லீவரை இழுக்க வேண்டும். அடுத்து ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றுங்கள்.

3. உள்ளே உள்ள சேற்றை மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும், ரப்பர் சீலுக்கும் நல்லதல்ல.

4. செயின் மாட்டியிருக்கும்போதே வண்டியை முதல் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். ஸ்ப்ராக்கெட் சுற்றாமல் நிற்கும். புல்லட் போன்ற வண்டிகளில் இரண்டு போல்ட்டுக்குப் பதில் ஒரு பெரிய நட்டும், அதைப் பூட்டும் மடிப்பு வாஷரும் இருக்கும். முதலில் மடிப்பை நிமிர்த்த வேண்டும். சில வண்டிகளில் அந்த நட் இடப்பக்க மரை. தளர்த்துவதாக நினைத்து இறுக்கிவிட வாய்ப்பு உண்டு. வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் பலம் கொடுக்காதீர்கள்.

5. பின் அச்சு நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளுங்கள். செயின் லாக்கைத் திறந்து செயினை எடுத்துவிடுங்கள்.

6. தட்டைத் திருப்பி வெளியே எடுங்கள். இப்போது ஸ்ப்ராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி இழுங்கள். பாதி வண்டிகளின் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

7. வரவில்லையா? துரு நீக்கும் ஸ்பிரேயை ஸ்ப்ராக்கெட்டும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் அடித்து, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. ஸ்ப்ராக்கெட்டின் ஓரத்தில் மரத்துண்டையோ பித்தளைத் துண்டையோ வைத்து, சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டுங்கள். இது வெளியே தள்ளுவதற்கான அடி அல்ல; துருவுக்குள் எண்ணெய் இறங்குவதற்கான அதிர்வு மட்டுமே.

8. அதற்கும் அசையாவிட்டால் சின்ன புல்லர் ஒன்றை வாடகைக்கோ இரவலாகவோ வாங்குங்கள். அதன் கால்களை ஸ்ப்ராக்கெட்டின் பின்னால் மாட்டி, நடுத் திருகுக்கும் ஷாஃப்ட் முனைக்கும் இடையில் ஒரு பித்தளை வாஷர் வையுங்கள். கால்கள் சீலில் உரசக் கூடாது. அரைச்சுற்று இறுக்கி, ஓரத்தில் லேசாகத் தட்டி, கொஞ்சம் பொறுங்கள். பிறகு இன்னும் அரைச்சுற்று. அவசரப்பட்டால் பல் உடையும்.

சூடு காட்டலாமா?
கேஸ் நெருப்பு கூடவே கூடாது. சீல் கருகும், மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது, அடித்த ஸ்பிரேயும் தீப்பற்றக்கூடியது. ஸ்பிரேயை நன்றாகத் துடைத்துவிட்டு, கொதிநீரில் நனைத்த துணியை இடுக்கியால் எடுத்து ஸ்ப்ராக்கெட்டின் மேல் சுற்றி வைக்கலாம். வெளியிலிருக்கும் ஸ்ப்ராக்கெட் முதலில் சூடேறிச் சற்று விரியும். அந்த நேரத்தில் புல்லரை இறுக்குங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால், பழைய ஸ்ப்ராக்கெட் எப்படியும் தூக்கிப்போடப் போவதுதான். அதை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் வெட்டு ஷாஃப்ட்டைத் தொடாமல் நிற்க வேண்டும், தீப்பொறியும் பறக்கும். இது வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல, ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

முன் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் விட்டுவைக்கலாமா?
கூடாது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றுகிறது. அதன் ஒவ்வொரு பல்லும் மூன்று மடங்கு உழைக்கிறது. அதிகம் தேய்ந்ததை விட்டுவிட்டுப் புதுச் செயினை மாட்டினால், பழைய பல் புதுச் செயினையும் சீக்கிரம் தேய்த்துவிடும். மூன்றையும் செட்டாகவே மாற்றுங்கள்.

திரும்ப மாட்டும்போது
ஷாஃப்ட்டின் பள்ளங்களைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மிக மெல்லியதாக கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை சிரமம் இருக்காது. சீலைச் சுற்றி ஆயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். புதுத் தட்டையே போடுங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். சின்ன ஸ்பேனரால் ஒரு கை பலத்துக்கு மேல் வேண்டாம். செயின் லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். செயின் தளர்வு பல 100 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே வையுங்கள். கடைசியாகப் பின் அச்சு நட்டை மறக்காமல் இறுக்குங்கள்.

பிறகும் பிறகும் வராமலிருக்க
உரம் ஏற்றிய அன்றே செயின் பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு ஆயில் விடவே கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டு விடுங்கள். கழிவு ஆயில் வேண்டாம். அதில் அழுக்கும் உலோகத்தூளும் இருக்கும். மூட்டைக்கு அடியில் ஒரு பழைய தார்ப்பாயை விரித்துக் கட்டினால் பாதித் தூள் உள்ளே போகாது. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், ஸ்ப்ராக்கெட் மூடியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள்.

வேதாரண்யம் வாசகர் மறுகடிதம் எழுதியிருக்கிறார். அவர் தட்டைத் திருப்பாமலேயே நெம்பிக்கொண்டிருந்தாராம். திருப்பியதும் தட்டு கையோடு வந்துவிட்டது. ஸ்ப்ராக்கெட் மட்டும் இரண்டு இரவு ஸ்பிரேயில் ஊறி, மூன்றாம் நாள் புல்லருக்கு அசைந்து கொடுத்திருக்கிறது. ஷாஃப்ட்டின் பள்ளங்களில் வெள்ளையும் சிவப்புமாகப் பொருக்குத் தட்டியிருந்ததாம்: பொட்டாஷும் துருவும். சீலில் கசிவு இல்லை. இப்போது பூ அவருடைய வண்டியிலேயே போகிறது. சுத்தியல் பக்கத்து வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது.