ட்ரோன் மருந்து தெளிப்பு: வாடகைக்கு எடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர், 10 நிமிட வேலை. ஆள் கிடைக்காத நேரத்தில் ட்ரோன் பெரிய உதவிதான். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 சதவீத மானியத்தில், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை உதவும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. உங்கள் ஊருக்கும் வாடகை ட்ரோன் வந்திருக்கலாம்.

வயல் எல்லையைக் குறித்துக் கொடுத்தால் இது தானாகவே பறந்து தெளிக்கும். நடுவில் சிக்னல் போனால் என்ன ஆகும்?

இதற்காகவே கணினி அறிவியலில் தனி ஆராய்ச்சி நடக்கிறது. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயி ஷா முன்வைத்த 'சிம்பிளெக்ஸ்' முறையில், திறமையான மென்பொருள் ஒன்று இயந்திரத்தை ஓட்டும். நன்கு சோதித்த எளிய மென்பொருள் இன்னொன்று தயாராகக் காத்திருக்கும். முதலாவது ஆபத்தை நெருங்கினால், இரண்டாவது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். தவறே வராது என்று நம்பாமல், வந்தாலும் சேதம் ஆகாமல் தடுப்பதே இதன் அடிப்படை.

சிக்னல் அறுந்தாலோ பேட்டரி குறைந்தாலோ ட்ரோன் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் வசதியும் இந்த எண்ணத்தில் உருவானதுதான். ஆனால் திரும்பும் உயரத்தை ஓட்டுபவர்தான் அமைக்க வேண்டும். அது உங்கள் தென்னையை விடத் தாழ்வாக இருந்தால், பாதுகாப்பு வசதியே ட்ரோனை மரத்தில் மோதவிடும். மெல்லிய மின்கம்பி சென்சாருக்குத் தெரியாமல் போகலாம். காற்றில் பக்கத்து வயலுக்கு மருந்து போவதை எந்த மென்பொருளும் முழுதாகத் தடுக்காது. அங்கே மல்பெரி இருந்தால் பட்டுப்புழுக்கள் சாகும்.

தெளிக்கும் முன் கவனிக்க:

- ட்ரோனின் பதிவு எண், ஓட்டுபவரின் ரிமோட் பைலட் சான்றிதழ் இரண்டையும் பாருங்கள். 'ட்ரோன் விதிகள் 2021' இவற்றைக் கேட்கிறது.
- மூன்றாம் நபர் காப்பீடு உள்ளதா என்று கேளுங்கள். பக்கத்து வயலில் சேதம் என்றால் இதுதான் கைகொடுக்கும்.
- மின்கம்பி, மரம், கிணறு, தேனீப் பெட்டி இருக்கும் இடங்களை ஓட்டுபவருடன் நடந்தே காட்டுங்கள்.
- திரும்பும் உயரம் எவ்வளவு என்று கேளுங்கள். உயரமான மரத்துக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள்.
- பக்கத்து வயல்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காற்று பலமாக வீசினால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

இக்கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் மட்டும் வயலை ஒப்படையுங்கள். வாடகை நூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.