வண்டி வண்டியல்லவாம், தொழிலாளி தொழிலாளியல்லவாம்!

பெங்களூருவின் கோரமங்களா, இந்திராநகர், எச்.எஸ்.ஆர். லே-அவுட் தெருக்களில், முதுகில் பெரும் பையைச் சுமந்தபடி சிறிய மின் இருசக்கர வண்டிகளில் விரையும் இளைஞர்களை எந்நேரமும் காணலாம். வட கர்நாடகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும், தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்தும், ஒடிசா, அசாமிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் இவர்களில் பலர். அரிசியும் பாலும் மருந்தும் நடுத்தர வர்க்கத்தின் வாசலுக்கு வந்து சேர்வது இவர்களுடைய உழைப்பால்தான்.

இவர்களில் பலருக்கு வண்டி சொந்தமில்லை, வாடகை வண்டிதான். 2017-ல் இந்நகரில் தோன்றிய யூலு நிறுவனம் முதலில் மனத்தில் கொண்டது மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் பயணியை. 2023-லோ பஜாஜ் ஆட்டோவுடன் சேர்ந்து, பொருள் விநியோகத்துக்கென்றே தனி வண்டியைச் சாலையில் இறக்கியது. பெட்ரோல் செலவு இல்லை, ஓட்டுநர் உரிமம் வேண்டாம், முதல் போட வேண்டாம் என்று இவ்வண்டி புகழப்படுகிறது. புகைக்கும் இரைச்சலுக்கும் நடுவே திணறும் ஒரு நகருக்கு மின் வண்டி நல்லதே. உழைக்கும் மக்கள் எந்த இயந்திரத்துக்கும் எதிரிகள் அல்லர். இயந்திரம் யாருடைய இலாபத்துக்காக, யாருடைய செலவில் ஓடுகிறது என்பதே கேள்வி.

சட்டத்தின் இரண்டு விலக்குகள்

உரிமம் ஏன் வேண்டாம்? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள மின் வண்டி, எடை வரம்பையும் மீறாவிட்டால், ‘மோட்டார் வாகனம்’ ஆகாது. எனவே பதிவு எண் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீடும் தேவையில்லை. கடைத்தெருவுக்குச் சென்றுவரும் முதியவருக்கும் கல்லூரி மாணவிக்கும் இவ்விலக்கு நியாயமானது. அதே வண்டியில் நாளெல்லாம், மழையிலும் நள்ளிரவிலும், சுமையோடு ஓடுபவருக்கு இது நியாயமாகுமா? அவர் வண்டி ஒரு பாதசாரியின் மீது மோதினால் அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் கட்டாயக் காப்பீடு கிடையாது. பழி முழுவதும் ஓட்டியவர் தலையில் விழும்.

இரண்டாவது விலக்கு இன்னும் கொடியது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ‘கிக்’ தொழிலாளர்களை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர்கள் என்றே வரையறுக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு இத்தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. ‘பங்குதாரர்’ என்று பெயர் சூட்டிவிட்டால் குறைந்தபட்சக் கூலி இல்லை, எட்டு மணி நேர வேலைநாள் இல்லை, வார விடுமுறை இல்லை. ஆக, அவர் ஓட்டுவது வாகனமல்ல, அவர் தொழிலாளியுமல்ல. இவ்விரண்டு ‘அல்ல’களின் இடுக்கில் மூலதனம் சுகமாக வளர்கிறது.

முன்பெல்லாம் தொழிற்சாலையையும் கருவியையும் வாங்கி வைப்பது முதலாளியின் பொறுப்பு. இன்று கருவியின் வாடகையைத் தொழிலாளியே தன் வருவாயிலிருந்து கட்டுகிறார். பேட்டரி மாற்றச் செல்லும் நேரமும், ஆர்டருக்காகக் கடை வாசலில் காத்திருக்கும் நேரமும் டெலிவரிக்கு இவ்வளவு என்ற கூலிக் கணக்கில் சேர்வதில்லை. உதிரிக்கூலி முறை தொழிலாளியைத் தானே தன்னை விரட்டிக்கொள்ளச் செய்யும் என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியிலேயே விளக்கினார். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி பத்து நிமிடத்தில் கடக்கக்கூடியது அதிகபட்சம் நான்கு கிலோமீட்டரே. அதுவும் சிக்னலும் பள்ளமும் நெரிசலும் இல்லாவிட்டால்! அப்படிப்பட்ட சாலை பெங்களூருவில் எங்கே இருக்கிறது? வண்டியின் வேகத்துக்கு வரம்பு விதித்த சட்டம், நிறுவனங்களின் அவசரத்துக்கு வரம்பு விதிக்கவில்லை.

மானியம் யாருக்கு?

மின் வாகனங்களுக்கான பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 10,900 கோடி ரூபாய் அறிவித்தது. இருசக்கர வாகன மானியம் வாங்குபவருக்கு விலைக் குறைப்பாகவே சேரும்படி அமைக்கப்பட்டது. வாங்க வக்கில்லாமல் வாடகைக்கு ஓட்டுபவருக்கு அதில் என்ன பங்கு? பசுமையின் பெருமையை நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் அச்சிட்டுக்கொள்ளும். முதுகுவலி மட்டும் தொழிலாளிக்கு.

தொழிலாளர்களின் தொடர் போராட்டத்தால் கர்நாடக அரசு 2025-ல் ‘கிக்’ தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. நல வாரியம், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரப்படும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நல நிதி, வேலைநீக்கத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு ஆகியவை அதிலுள்ளன. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் ‘இவர் தொழிலாளி’ என்ற ஒற்றை வாக்கியத்தைச் சொல்ல அச்சட்டமும் துணியவில்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-ல் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என்று ஏற்றது. அதே ஆண்டில் ஸ்பெயின், உணவு விநியோகிப்போரை நிறுவனத்தின் ஊழியர்களாகவே கருத வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. அந்நாடுகளில் முடிந்தது இங்கு ஏன் முடியாது?

வண்டி வாடகையும் பேட்டரிச் செலவும் நிறுவனத்தின் பொறுப்பாக வேண்டும். செயலியில் நுழைந்தது முதல் வெளியேறும்வரை உள்ள நேரம் முழுவதும் வேலைநேரமாக வேண்டும். தொழிலுக்குப் பயன்படும் ஒவ்வொரு மின் வண்டிக்கும், அதன் வேகம் எதுவாயினும், நிறுவனமே காப்பீடு எடுக்க வேண்டும். பொதுத்துறையான பெஸ்காம் தெருதோறும் மின்னேற்று நிலையங்களையும், அவற்றோடு கழிப்பறையும் குடிநீரும் நிழலும் கொண்ட ஓய்விடங்களையும் அமைக்க வேண்டும். இக்கோரிக்கைகள் கெஞ்சிப் பெறும் சலுகைகள் அல்ல. தனித்தனி வண்டிகளில் பிரிந்து ஓடும் இளைஞர்கள் சங்கமாகத் திரளும் நாளில், செயலிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முதலாளி வெளியே வந்து பதில் சொல்லியே தீர வேண்டும்.