இளைஞரின் இரவைக் காப்பது யார்?

கிழக்குப் பல்கலைக்கழகம் எமது மக்களுக்கு எளிதில் கிடைத்த செல்வமன்று. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்தது அது. 1990இல் உயிருக்கு அஞ்சி ஓடிவந்த மக்களுக்கு அதன் வளவே புகலிடமாயிற்று. போரின் கொடுமைகளையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் தாங்கிய மண்ணில் அது இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. வாகரையிலும் கிரானிலும் படுவான்கரையிலும் வயலையும் நகையையும் ஈடுவைத்துத் தம் பிள்ளைகளை அங்கு அனுப்பும் பெற்றோரை நாம் அறிவோம். அப்பிள்ளைகளின் உடலும் உள்ளமும் நலமாயிருக்கின்றனவா என்ற கேள்வி ஒரு குடும்பத்தின் கவலை மட்டுமன்று. எமது சமுதாயத்தின் நாளையைப் பற்றிய கேள்வியுமாகும்.

இன்று அப்பிள்ளைகள் இழந்துவரும் பொருள் ஒன்றுண்டு. அதுவே இரவின் உறக்கம். அதனைக் கவர்ந்து செல்வது அவர்களின் கையிலிருக்கும் தொலைபேசியும், அதன்வழி வரும் சமூக ஊடகங்களுமாகும்.

கைத்தொலைபேசியைத் தூக்கி எறியுங்கள் என்று உபதேசம் செய்ய நாம் முன்வரவில்லை. அவ்வாறு கூறுவோர் இன்றைய கல்வியின் நிலையை அறியாதோர். 2020இல் கொள்ளைநோய் பல்கலைக்கழகங்களின் கதவுகளை அடைத்தபோது, விரிவுரைகள் அக்கருவியின் வழியாகவே வீடு தேடி வந்தன. இன்றும் நேர அட்டவணையும் பாடக்குறிப்பும் பரீட்சை அறிவித்தலும் வட்ஸ்அப் குழுக்களிலேயே பகிரப்படுகின்றன. மத்திய கிழக்கில் உழைக்கும் தாயின் குரலை எமது மாவட்டத்துப் பிள்ளை கேட்பதும் அதிலேயே. கல்விக்கும் பாசத்துக்கும் இன்றியமையாத அதே கருவி நஞ்சையும் சுமந்து வருகின்றது என்பதுதான் இப்பிரச்சினையின் சிக்கல்.

அந்நஞ்சு எவ்வாறு வேலை செய்கின்றது? பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலான ஒருவருக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணிநேர உறக்கம் வேண்டுமென மருத்துவர் கூறுவர். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வார இதழுக்கும் உண்டு. டிக்டொக்குக்கும் பேஸ்புக்குக்கும் கடைசிப் பக்கம் இல்லை. விரலால் தள்ளத் தள்ள அடுத்த காட்சி வந்துகொண்டேயிருக்கும். இது தற்செயலன்று. பார்ப்பவர் எவ்வளவு நேரம் தங்குகின்றாரோ அவ்வளவுக்கு விளம்பர வருமானம் பெருகும் என்பதே அந்நிறுவனங்களின் வணிகக் கணக்கு. இரவில் கண்ணில் விழும் ஒளி உறக்கத்தைத் தூண்டும் சுரப்பைத் தாமதப்படுத்துகின்றது. அதனினும் மேலாக, கிளறிவிடப்பட்ட மனம் அடங்க மறுக்கின்றது. மறுநாட் காலை விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்பது மாணவனின் உடல் மட்டுமே.

உறக்கத்தோடு இழப்பு நின்றுவிடுவதில்லை. 2004இல் அமெரிக்காவில் பேஸ்புக் தொடங்கியபோது, அது எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே நாளில் திறந்துவிடப்படவில்லை. ஒவ்வொரு கல்லூரியாகச் சென்றது. அதனை வாய்ப்பாகக் கொண்டு, அத்தளம் சென்ற கல்லூரிகளையும் அந்நாளில் இன்னும் செல்லாத கல்லூரிகளையும் ஒப்பிட்டு மூன்று பொருளியல் அறிஞர்கள் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. பேஸ்புக் சென்ற இடங்களில் மாணவரின் உளநலம் குன்றியதென்பதே அவர்களின் முடிவு. தன் வாழ்வைப் பிறர் வாழ்வோடு ஒப்பிட்டுத் தன்னைத் தாழ்வாக எண்ணுதலை அவர்கள் முக்கிய காரணமாகக் கண்டனர்.

இதனை விளங்கிக்கொள்ள நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. பாசிக்குடாவுக்குச் சென்றாற் போதும். போர் ஓய்ந்தபின் எழுந்த உல்லாச விடுதிகள் வரிசையாக நிற்கும் அக்கரையின் நீலக்கடல் இன்று ஆயிரக்கணக்கான படங்களில் உலகெங்கும் பரவுகின்றது. அப்படங்களில் எல்லோரும் சிரிக்கின்றனர். எல்லோரும் நல்லுடை அணிந்திருக்கின்றனர். அதே குடாவில் வலையிழுக்கும் தகப்பனின் வியர்வையோ, வெள்ளத்தில் அழிந்த பெரும்போக வயலோ அவற்றில் தெரிவதில்லை. அதே கடற்காற்றைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளை, விடுதியறையின் இருளில் அப்படங்களைப் பார்த்துத் தான் மட்டுமே வாழ்வில் பின்தங்கியதாகக் கலங்குகின்றது.

எல்லா மாணவரும் இதனால் நோயுறுகின்றனர் என்று நாம் மிகைப்படுத்தவில்லை. முன்னரே துயருற்றவர் ஆறுதல் தேடித் தொலைபேசியை நாடுவதும் உண்டு. ஆனால் எவர் மிக நலிந்தவரோ அவரையே இது மிக வருத்துகின்றது என்பது கவனிக்கத்தக்கது.

இவ்விடயத்தில் அரசு செய்தது என்ன? 2018இல் திகனைக் கலவரத்தின்போதும், 2019இல் எமது சீயோன் தேவாலயத்தையும் இரத்தத்தில் நனைத்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022இல் மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் சமூக ஊடகங்களுக்குத் தடை விதித்தது. 2024 பெப்ரவரி 1ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெயரில் காப்பு இருந்தது. பொருளை ஆராய்ந்தாலோ, ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஐவர் கொண்ட ஆணைக்குழு, எந்தக் கூற்று பொய்யென்று தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பெறும் ஏற்பாட்டையே அதில் கண்டோம். பேசுபவனின் வாய்க்குப் பூட்டுத் தேடிய அச்சட்டம், பார்ப்பவனின் உறக்கத்தைத் திருடும் வணிகத்தைத் தீண்டவில்லை. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் இத்தளங்களிற் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. ஆயின் பல்கலைக்கழக மாணவர் வாக்குரிமை பெற்ற வயதினர். அவர்களைக் குழந்தைகளாக நடத்தும் தடை தீர்வாகாது.

அவ்வாறெனின் வழி யாது? எமது வயற்காரர் நெடுங்காலமாக அறிந்த வழி ஒன்றுண்டு. குளத்து நீரை யாரும் வெறுப்பதில்லை. ஆனால் மதகின்றி அதனை வயலுக்குள் விடுவதுமில்லை. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விவசாயிகளே கூடி, விதைப்புக்கு ஒரு நாளும் நீர் திறப்பதற்கு ஒரு நாளும் குறிக்கின்றனர். அவ்வொழுங்கைக் காக்க வட்டவிதானையைத் தாமே தெரிவு செய்கின்றனர். தமக்குத் தாமே விதித்த ஒழுங்காதலின் அதனை மதிக்கின்றனர். அத்தகைய ஒழுங்கையே பல்கலைக்கழகத்தினுள்ளும் நாம் வேண்டுகின்றோம்.

முதலாவது: மாணவர் ஒன்றியங்களும் பீடங்களும் ஒன்றுகூடி, இரவு பத்து மணிக்குப் பின் எந்தப் பாட அறிவித்தலும் குழுக்களில் இடுவதில்லையென முடிவு செய்யட்டும். உடனே பார்க்காவிடின் நட்டம் நேருமென்ற அச்சம் நீங்கினால், தொலைபேசியை அணைத்து வைக்கும் துணிவு பிறக்கும்.

இரண்டாவது: புதுமுக மாணவரைக் குழுக்களிற் சேரக் கட்டாயப்படுத்தி, நள்ளிரவில் ஏவல் செய்தும் ஏளனம் செய்தும் மகிழும் சிறுமை எங்கு நிகழினும், அது வேடிக்கையன்று, குற்றம். உடற்காயத்தையோ உளப்பாதிப்பையோ மனவேதனையையோ அச்சத்தையோ விளைவிக்கக்கூடிய எச்செயலையும் பகிடிவதை என்றே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வரையறுக்கின்றது. அதற்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறை விதிக்கலாம். அச்செயல் கையாற் செய்யப்பட்டதா, தொலைபேசியாற் செய்யப்பட்டதா என்று சட்டம் வேறுபாடு காட்டவில்லை. நிருவாகத்தினர் இதனை ஒவ்வொரு ஆண்டும் முதல் வாரத்திலேயே எழுத்தில் அறிவிக்கவேண்டும்.

மூன்றாவது: பயிற்சி பெற்ற உளவள ஆலோசகர் வேண்டும். விரிவுரையாளரையே மாணவ ஆலோசகராகவும் நியமிக்கும் வழக்கம் போதாது. விடைத்தாள் திருத்துபவரிடம் எந்த மாணவி தன் உள்ளத்தைத் திறப்பாள்? அந்த ஆலோசகர் மாணவரின் தாய்மொழியிற் பேசுபவராகவும் இருத்தல் வேண்டும். கணக்கை அந்நிய மொழியிற் கற்கலாம். கண்ணீரை அந்நிய மொழியில் விளக்க இயலாது. 1987இல் தமிழ் அரசகரும மொழியாயிற்று என்று அரசியலமைப்பு கூறுகின்றது. அவ்வுரிமை விண்ணப்பப் படிவங்களோடு நின்றுவிடலாகாது. இதற்கான நிதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கோரிப் பெறுவது எமது பாராளுமன்ற உறுப்பினர்களின் கடமையாகும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை விடுமுறைக்கு வீடு வரும்போது புள்ளிகளை மட்டும் விசாரியாதீர்கள். உறங்குகின்றாயா என்றும் கேளுங்கள். உண்ணும் வேளையில் உங்கள் தொலைபேசியையும் ஒருபுறம் வையுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் முன்னோர் இந்த மண்ணையும் மொழியையும் காக்க இரவும் பகலும் விழித்திருந்தனர். அவர்கள் விழித்திருந்தது, நீங்கள் அச்சமின்றி உறங்கி எழுந்து கற்கவேண்டும் என்பதற்காகவே. அந்த உறக்கத்தை எங்கோ இருக்கும் வணிகனுக்கு விலையின்றிக் கொடுத்துவிடாதீர்கள். மதகின் திறவுகோல் உங்கள் கையில் இருக்கட்டும்.