காவலுக்கு வந்த நாய்

காவலுக்கென்று சொல்லித்தான் பல வீடுகளில் நாய் நுழைகிறது. வியன்னாவில் மனோதத்துவ மேதை பிராய்டின் வீட்டிலும் அப்படித்தான். 1925-ல் மகள் அன்னா உலாவப் போகும்போது துணையிருக்க ஓர் அல்சேஷன் வந்தது. அதுவரை நாய்களிடம் அதிக நாட்டமில்லாத பிராய்டுக்கு அப்போது வயது 69.

பின்னால் வந்த 'ஜோபி'யோ, அவர் நோயாளிகளின் மனக்குறை கேட்கும் அறையிலேயே படுத்துக் கிடக்கும். நேரம் முடிந்ததும் எழுந்து கொட்டாவி விடுமாம், கடிகாரம் எதற்கு? 1937-ல் ஜோபி இறந்தது. ஏழாண்டுப் பழக்கமல்லவா, கிழவர் கலங்கிப் போனார்.

மறு ஆண்டு நாஜிகளுக்குத் தப்பி லண்டன் சேர்ந்தவர், நோய்த்தடுப்பு விதிப்படி அங்கே தனியே அடைபட்டிருந்த 'லூன்' என்ற நாயைத் தேடிப்போய்ப் பார்த்தார். 1939-ல் அவரது வாய்ப்புற்று முற்றி நாற்றமெடுத்தது. லூன் அருகே வராமல் ஒதுங்கிக்கொண்டது. பாவம், நாய்க்கு நடிக்கத் தெரியாது. காரணம் அவருக்கும் புரிந்தது. கட்டிலில் கிடந்தபடி அதையே துயரத்தோடு பார்த்துக் கொண்டிருந்தார்.